சாம்பலில் என்ன இருக்கிறது? கணக்கைக் காட்டுங்கள்!

"இயற்கையில் உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை." அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிக் கேட்டாலும் சரி, உரத் தொழிற்சாலையில் மலைபோல் குவிந்து கிடக்கும் ஜிப்சத்தைப் பற்றிக் கேட்டாலும் சரி, நமக்குக் கிடைக்கும் ஒரே பதில் இதுதான். அதிகாரி சொல்கிறார், காண்ட்ராக்டர் சொல்கிறார், காண்ட்ராக்டரிடம் தீபாவளிக்கு வேட்டி வாங்கிக்கொண்ட நம்முடைய பெரிய மனிதர்கள் சிலரும் சொல்கிறார்கள். நாகப்பாம்பின் விஷமும் இயற்கையில் உள்ளதுதான். அரளி விதையும் இயற்கையில் உள்ளதுதான். அரைத்துக் கொடுத்தால் இவர்கள் குடிப்பார்களா?

இயற்கையா செயற்கையா என்பதல்ல நமது கேள்வி. எவ்வளவு இருக்கிறது, அது யாருடைய மூச்சில் போகிறது, அதை அளந்தவர் யார், அளந்த கணக்கு எங்கே என்பதுதான் கேள்வி.

சென்ற பொதுக்குழுவில் இந்த விஷயம் எழுந்தபோது இரண்டு குரல்கள் கேட்டன. "சாம்பல் கல் சூளையிலும் கூட்ஸ் ஷெட்டிலும் நம் ஆட்கள் வயிறு வளர்க்கிறார்கள், வாயை மூடிக்கொண்டிருங்கள்" என்றது ஒன்று. "அணுகுண்டு வெடித்த இடத்தில் இருப்பது போல் நாம் இருக்கிறோம், எல்லாரும் சாகப் போகிறோம்" என்று துண்டறிக்கை அடித்து வந்தது மற்றொன்று. இரண்டையுமே நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூமியின் மண்ணிலும் பாறையிலும் யுரேனியம், தோரியம் என்ற உலோகங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கின்றன. இவை தாமாகவே சிதைந்துகொண்டிருக்கும். சிதையும்போது கதிர் வீசும். யுரேனியத்தில் பாதி சிதைந்து முடிய 450 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் வழியில் பிறக்கும் ரேடியத்துக்கு 1,600 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏறக்குறைய நான்கு நாளில் பாதி போய்விடும். போகும்போது சும்மா போவதில்லை; பொலோனியம், ஈயம் என்று தன் வாரிசுகளைத் தூசியில் ஒட்டவைத்துவிட்டுப் போகும். நாம் உட்கார்ந்திருக்கும் திண்ணையிலும் இது உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் நிலக்கரியை எரித்தால் என்ன நடக்கிறது? வத்தக்குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கிறதே, அதேதான். நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோவை எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். கரி புகையாய்ப் போய்விடும். யுரேனியமும் தோரியமும் ரேடியமும் பெரும்பாலும் சாம்பலிலேயே தங்கும். ஆகவே கரியில் இருந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்கு செறிவு சாம்பலில் ஏறுகிறது. உலகத்துச் சாதாரண மண்ணில் சராசரியாகக் கிலோவுக்கு 30, 35 பெக்கரல் ரேடியமும், ஏறக்குறைய அதே அளவு தோரியமும் இருக்கும் என்பது ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் கணக்கு. பெக்கரல் என்றால் வினாடிக்கு ஒரு அணு சிதைவது. நமது அனல்மின் நிலையச் சாம்பலில் இது பொதுவாக அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் துண்டறிக்கைக்காரர்கள் "அணு உலைக் கழிவைவிடச் சாம்பல் கொடியது" என்று எழுதிவிட்டார்கள். இது தவறு. 1978-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட ஒரு கணக்கைக் கைமாற்றிக் கைமாற்றிக் கெடுத்த கதை இது. ஒழுங்காக ஓடும் அணுமின் நிலையம் காற்றில் விடும் கதிரியக்கத்தையும், அதே அளவு மின்சாரம் எடுக்கும் நிலக்கரி நிலையம் புகைபோக்கி வழியாக விடுவதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள், அவ்வளவே. உலைக்குள்ளிருந்து எடுக்கும் எரிந்த கோலைச் சாம்பலோடு யாரும் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் சாம்பல் ஒன்றுமே இல்லை. பொய்யை வைத்துப் போராடினால் முதல் விசாரணையிலேயே எதிராளி அதைப் பிய்த்தெறிவான். பிறகு நாம் உண்மையைச் சொன்னாலும் எவனும் கேட்கமாட்டான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். சாம்பல் கல்லில் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டியதில்லை. கட்டடப் பொருளுக்கு உலக அளவில் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, கிலோவுக்கு 370 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நமது சாம்பல் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். கல்லிலோ சிமெண்டிலோ கலக்கும்போது இன்னும் குறையும். சாம்பல் துகள் உருகிக் கண்ணாடியாய் இறுகிவிடுவதால் ரேடான் வாயுவும் அதிலிருந்து அதிகம் வெளியேறுவதில்லை. கடையில் வாங்கும் பொஸலானா சிமெண்டில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் கலக்கலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. பாந்த்ராவில் பல மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் கனவானும் சாம்பலுக்குள்தான் குடியிருக்கிறார்.

அப்படியானால் எங்கே இருக்கிறது ஆபத்து? சுவருக்குள் இருக்கும் சாம்பலில் அல்ல. காற்றில் இருக்கும் சாம்பலில். குடியிருப்பவனுக்கு அல்ல; அள்ளுபவனுக்கு.

சாம்பலின் மிகப் பொடியான துகளில்தான் பொலோனியமும் கதிரியக்க ஈயமும் கூடுதலாக ஒட்டுகின்றன. உலையின் சூட்டில் ஆவியாகி, புகை குளிரும்போது மெல்லிய துகளின் மேல் படிவதால் இப்படி. பெரிய துகளை மூக்கு தடுத்துவிடும். பொடித் துகள் நுரையீரலின் அடிவரை போகும். கூடவே மணல் சத்தான சிலிக்கா போகிறது, ஆர்செனிக் போகிறது, குரோமியம் போகிறது. இவற்றில் கதிரியக்கம் எத்தனை பங்கு, சிலிக்கா எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்த்தால் சிலிக்காதான் பெரிய எமன். இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதனால் மற்றதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாமா? ஒரே மூச்சில் நாலு விஷமும் போகிறவனிடம் வந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டி "இது வரம்புக்குள், அதுவும் வரம்புக்குள்" என்று சொல்வது என்ன நியாயம்? நுரையீரல் ஒன்றுதானே!

விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த நம் குடும்பங்கள் சாம்பல் கல் சூளைகளில் எப்படி வேலை செய்கின்றன என்று வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சாம்பலைச் சலிக்கிறார்கள். பவுசர் லாரி வந்து குழாயைத் திறந்துவிட்டால் கால் மணி நேரம் எதிரே நிற்கும் ஆள் தெரிவதில்லை. சாம்பல் குவியலின் நிழலில் தூளி கட்டிக் குழந்தை தூங்குகிறது. மாலையில் குளிக்கப் போனால் மூக்கைச் சிந்தச் சிந்தக் கறுப்பு. இதற்கு முகாதம் கொடுக்கும் மருந்து வெல்லக்கட்டி. தூசிக்கு வெல்லம் தின்றால் போதுமென்று எந்த வைத்தியன் சொன்னான்?

உரத் தொழிற்சாலை ஜிப்சத்தின் கதை இன்னும் ஒரு படி மேல். டி.ஏ.பி. போன்ற உரத்துக்குப் பாஸ்பேட் பாறை வேண்டும். மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் கப்பலில் வருகிறது. அந்தப் பாறையிலேயே யுரேனியம் அதிகம். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது யுரேனியத்தில் பெரும்பங்கு அமிலத்தோடு போகிறது. ரேடியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவான ஜிப்சத்தில் தங்கிவிடுகிறது. ஒரு டன் பாஸ்பேட் சத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம். பாரதீப், விசாகப்பட்டினம், கொச்சி, தூத்துக்குடி என்று துறைமுகம் இருக்கும் இடமெல்லாம் வெள்ளை மலைகள் நிற்பது இதனால்தான். சாம்பலைப் போல் இது கண்ணாடியாய் இறுகுவதும் இல்லை. ரேடான் எளிதாக வெளியேறும்.

அமெரிக்காவில் 1989-லேயே இதைக் குவியலாக வைக்க வேண்டும், வெளியே எடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். 1992-ல் வயலுக்குப் போடுவதற்கு மட்டும், ரேடியம் கிலோவுக்கு 370 பெக்கரலுக்குள் இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். 2020 அக்டோபரில் சாலை போடலாம் என்று அனுமதித்து, ஆட்சி மாறியதும் 2021-ல் திரும்பப் பெற்றார்கள். 2024 இறுதியில் புளோரிடாவில் ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் சோதனைச் சாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். குவித்து வைத்தால் மட்டும் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. அதே புளோரிடாவில் பைனி பாயிண்ட் என்ற இடத்தில் 2021-ல் ஜிப்சக் குவியல் மேலிருந்த குட்டை கசிந்து, அக்கம்பக்கத்தாரை அவசரமாக வெளியேற்றி, 80 கோடி லிட்டருக்கு மேல் கழிவு நீரைக் கடலில் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-ல் கட்டடப் பொருளுக்கு விதி வகுத்தது. கிலோவுக்கு 1,000 பெக்கரல் ரேடியம் வரை தனி அனுமதி தேவையில்லை. அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் விஞ்ஞானிகள் இல்லை. ஆனால் விதியில் 1,000 என்று எழுதியிருக்கிறதே, அந்த மூட்டையில் எத்தனை என்று மூட்டையின் மேல் எழுதியிருக்கிறதா? ஜிப்சம் இரண்டு வகை. சுரங்கத்தில் தோண்டி எடுத்தது ஒன்று, உரக் கழிவு ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பூச்சு வேலை செய்யும் நம் பையனிடம் கேளுங்கள், அவன் கையில் இருப்பது எந்த ஜிப்சம் என்று. அவனுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது.

சரக்கு ஆபீஸில் வேலை பார்க்கும் எங்களில் சிலருக்கு இது தினசரி அனுபவம். ரயில்வே ரசீதில் அனுப்புபவர் பெயர் உண்டு, பெறுபவர் பெயர் உண்டு, எடை உண்டு, கட்டணம் உண்டு. ஒரு குவிண்டால் கூடினால் அபராதம் போடுவோம். சாம்பல் சாதாரணச் சரக்காகப் பதிவாகும். அதை இறக்குகிற ஐம்பது பேர் எந்த ரசீதிலும் இல்லை.

இப்போது அரசாங்கம் இதற்கெல்லாம் "பயன்பாடு" என்று பெயர் வைத்திருக்கிறது. 1999 செப்டம்பரில் முதல் அறிவிக்கை வந்தது. மேல்மண்ணைக் காப்பாற்ற, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைகள் சாம்பல் கலக்க வேண்டும் என்றார்கள். பிறகு 100 கிலோமீட்டர், பிறகு 300. 2021 டிசம்பர் 31 அறிவிக்கையின்படி, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு ரூ.1,000 அபராதம். 2021-22-ல் நாடு முழுவதும் 27 கோடி டன் சாம்பல் உண்டாயிற்று, அதில் ஏறக்குறைய 26 கோடி டன் பயன்பட்டுவிட்டது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேல்மண் பிழைப்பது நல்லதுதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் "தாழ்வான நிலத்தை நிரப்புவது" என்பதும் பயன்பாட்டுக் கணக்கில் சேரும். தாழ்வான நிலத்தில் குடியிருப்பவன் யார்? ஜமீன்தாரா? நகரத்துக்கு வெளியே, நாலாவை ஒட்டி, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் குடிசை போட்டிருப்பவன் நாம்தான். குட்டையில் கிடந்தவரை அது கழிவு. நம் சந்தில் கொட்டிவிட்டால் பயன்பாடு! டன்னுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். மூடுவதற்கு ஒரு முழம் மண்கூடப் போடுவதில்லை.

குட்டையிலேயே கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியில், சாசன் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து குழந்தைகள் உட்பட ஆறு பேர் சேற்றில் போனார்கள். 2022 ஜூலை மழையில் நாக்பூர் அருகே கோராடி நிலையத்தின் காசாளா குட்டைக் கரை உடைந்து வயலும் ஓடையும் சாம்பல் மயமாயின. ஊரில் எண்ணூர்ப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குச் செப்பாக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜார்க்கண்டில் ஜாதுகோடா யுரேனியச் சுரங்கம் 1967-ல் தொடங்கியது. 2006 டிசம்பரில் அங்கே கழிவுக் குழாய் வெடித்து ஓடையில் பாய்ந்தபோது நிர்வாகத்துக்கு முதலில் சொன்னவர்கள் கிராமத்து ஆதிவாசிகள்தான்.

நம்மை மடக்குவதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் தோரிய மணல் மேலேயே ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று?" நல்ல கேள்வி, இதற்கு நாணயமான பதில் சொல்ல வேண்டும். அங்கே ஏறக்குறைய 70,000 பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2009-ல் வெளிவந்த முடிவில், மணலிலிருந்து வீசும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அது கடற்கரைக் காற்றில் திறந்த வீட்டில் வாழ்பவர் மேல் வெளியிலிருந்து படும் கதிரைப் பற்றிய ஆய்வு. நுரையீரலுக்குள் சாம்பலையும் சிலிக்காவையும் பத்து மணி நேரம் இழுப்பவனைப் பற்றியது அல்ல. அதைவிட முக்கியம்: அங்கே வீடு வீடாகப் போய் அளந்தார்கள், புற்றுநோய்ப் பதிவேடு வைத்தார்கள், யார் எப்போது எதனால் இறந்தார் என்று எழுதினார்கள். அதனால்தான் "ஒன்றுமில்லை" என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. நம் சூளையில் அளந்தது யார்? நம்மவன் இருமலோடு ரயிலேறி ஊருக்குப் போய்ச் செத்தால் அவன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? அங்கே காசநோய் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அளக்காமலே "ஒன்றுமில்லை" என்ற கதை உலகத்துக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரைப் பல தலைமுறைகளாக "மலை நோய்" கொன்றது. அது நுரையீரல் புற்று என்று 1879-ல் இரண்டு வைத்தியர்கள் சொன்னார்கள். ரேடான்தான் காரணம் என்று தெளிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 1917 முதல் கடிகார முகப்பில் ரேடிய வண்ணம் பூசிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிப் பழக்கப்பட்டார்கள். தீங்கில்லை என்று உத்தரவாதமும் பெற்றார்கள். தாடை எலும்பு அழுகி விழுந்த பிறகு வழக்குப் போட்டு, 1928-ல்தான் நியூஜெர்சியில் ஐந்து பெண்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. ரேடியமும் இயற்கையில் உள்ளதுதான்! சாம்பலில் உள்ளது அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு; அளவில் இரண்டும் ஒன்றல்ல. முதலாளியின் பேச்சு மட்டும் நூறு வருஷமாக ஒன்றே.

இனி வேலை போய்விடும் என்கிற பயத்துக்கு வருவோம். இந்தப் பயம் பொய்யல்ல. அடுப்பில் பானை ஏறுவது அந்தக் கூலியில்தான். ஆனால் சூளையை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லையே! குவியலை ஈரமாக வைக்கத் தண்ணீர் கேட்கிறோம். சாம்பல் மேல் தார்ப்பாய் கேட்கிறோம். முந்தானைக்குப் பதிலாக நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி, வாரத்துக்கு ஒன்று புதிதாகக் கேட்கிறோம். குழந்தைகளுக்குத் தூசி வராத தூரத்தில் ஒரு கொட்டகை கேட்கிறோம். லாரியோடு வரும் சலானில் அந்தச் சாம்பலின், அந்த ஜிப்சத்தின் பரிசோதனை எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்கிறோம். உள்ளே பூச்சு வேலை நடக்கும் அறையில் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்கிறோம். அதற்குச் செலவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் ரேடான் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது, முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நாட்டுக்கு நாடு நுரையீரல் புற்றில் நூற்றுக்கு 3 முதல் 14 வரை ரேடானால் வருவது என்கிறது. காற்றோட்டமில்லாத அறையில்தான் அது தங்கும். பீடி குடிப்பவனுக்கு ஆபத்து பல மடங்கு. (பீடியைப் பற்றி எழுதினால் பாதி வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறோம்.)

தார்ப்பாயும் தண்ணீரும் கொடுத்தால் திவாலாகிவிடும் சூளை எது? அப்படி ஒன்று இருந்தால் அதன் கணக்குப் புத்தகத்தைக் காட்டட்டும், பேசுவோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில் நோய்களில் சிலிக்கோசிஸும் இருந்தது, ரேடியம் முதலான கதிரியக்கப் பொருளால் வரும் நோயும் இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் வந்த சட்டத்தை 2020-ல் தொகுப்புச் சட்டத்துக்குள் போட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்றார்கள். சட்டத்தின் பெயர் மாறியது. முகாதத்தின் பாக்கெட் நோட்டு மாறவில்லை. அதில் பெயர்கூட முழுதாக இருக்காது. "முருகன் பார்ட்டி, 12 ஆள்" என்று இருக்கும். பெயர் இல்லாதவனுக்கு எந்த அட்டவணை உதவும்?

ஆகவே முதல் வேலை பெயர் எழுதுவது. எந்தச் சூளை, எந்தச் ஷெட், எந்தக் கட்டடம், எந்த வருஷத்திலிருந்து, சாம்பலா ஜிப்சமா, இருமல் எத்தனை நாளாக, ஊருக்குத் திரும்பி இறந்தவர் இருந்தால் அவர் பெயரும் எந்த ஊர் என்பதும். இதற்கு ஒரு பக்கப் படிவம் சங்கத்தில் அச்சாகி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி முதல் எட்டு வரை அலுவலகத்தில் எழுதித்தர ஆள் உண்டு. எழுதத் தெரியாதவர் சொன்னால் போதும், கைநாட்டு வைக்கலாம். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், எறிந்துவிடாதீர்கள். பெண்கள் தனியாகச் சொல்ல விரும்பினால் மகளிர் குழுவினர் பின்னறையில் இருப்பார்கள். படிவம் இருநூறு சேர்ந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும், சாம்பல் மாதிரியை எடுத்து அளக்கச் சொல்லும் மனுவோடு அனுப்புகிறோம். மனுவின் நகலும், பதில் வந்தால் பதிலும், வராவிட்டால் வரவில்லை என்ற செய்தியும் இதே பக்கத்தில் வெளியாகும்.